டிரெய்லர் படி மாற்றப் போகிறவர்களுக்கு: வாசலடி மரத்தைக் குத்திப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

எங்கள் டிரெய்லர் வீட்டு வாசலுக்குப் புதுப் படி பொருத்திய கடை கொடுத்த இன்வாய்ஸின் மூன்றாவது வரியில் ‘அடியில் இரும்புத் தகடு: 95 டாலர்’ என்று அச்சடித்திருக்கிறது. ஐந்து வாரம் கழித்து டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடும் இல்லை, தகடு இருந்த தடமும் இல்லை. நாலு மர ஸ்க்ரூ, சுற்றிலும் தாராளமாக அப்பிய வெள்ளை சீலண்ட், அவ்வளவுதான். அந்த நாலு ஸ்க்ரூவை நம்பித்தான் எழுபத்தொரு வயது அம்மா ஐந்து வாரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறோம். எங்களுடையது பிக்கப் டிரக்கில் மாட்டி இழுத்துப் போய், போன இடத்தில் உள்ளேயே தங்கிக்கொள்கிற 26 அடி டிரெய்லர். 2015 மாடல், பழையதாக வாங்கியது. அதோடு வந்த படி கதவுக்கு அடியில் மடிந்து கிடக்கும். இழுத்து விரித்தால் மூன்று தட்டு. மூட்டு ரிவெட்டெல்லாம் தேய்ந்துபோய், கால் வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்து ஆடும். ஊரிலிருந்து வந்த அம்மா முதல் நாளே கேட்டுவிட்டார்: “ஏன்டா தம்பி, இது படியா, ஊஞ்சலா?” இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

மாற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. பழையது போலவே வண்டியின் அடிச்சட்டமான சேசியின் இரும்பில் போல்ட் போட்டுத் தொங்கவிடும் படி ஒன்று. விலை குறைவு, வேலையும் குறைவு. ஆனால் தொங்குகிற பொருள் தொங்கத்தான் செய்யும், ஆட்டம் முழுசாகப் போகாது. இன்னொன்று வாசலிலேயே கீல் போட்டு உட்காரும் அலுமினியப் படி. பயணத்தின்போது மடக்கி உள்ளே நிமிர்த்திவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். போய் நிறுத்திய இடத்தில் வெளியே விரித்து, அதன் கால்களைத் தரைக்கு ஏற்ப நீட்டி ஊசியைச் செருக வேண்டும். ஏறினால் வீட்டுப் படி மாதிரி அசையாமல் நிற்கும். லிப்பர்ட், மோரைட் என்ற இரண்டு கம்பெனிக்காரர்களுமே இந்த வகையைச் செய்கிறார்கள். இருவரும் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் ஊர்க்காரர்கள், அமெரிக்காவின் ஆர்.வி.களில் (இப்படித் தங்கிப் பயணம் செய்யும் வண்டிகளில்) பெரும்பங்கு அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. 

நான் இரண்டாவது வகையை எடுத்தேன். பொருள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அதே படிதான் வாசலில் இருக்கிறது. வயிற்றெரிச்சல் எல்லாம் அதைப் பொருத்திக் கொடுத்த கடை மேல்தான்.

ஹைவே ஓரத்தில் பெரிய கடை. நான் போனில் கேட்டபோதே அந்த ஆள், “கதவு எத்தனை இன்ச்?” என்றார். 26 என்றேன். “அப்போ 26 இன்ச் படி” என்று முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். முதல் தப்பு அங்கேதான். கதவின் அகலம் வேறு, படி உட்காரும் இடம் வேறு. கதவைத் திறந்து வைத்து, நிலையின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே இருக்கும் சுத்தமான இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைச்சலான அளவைத்தான் சொல்ல வேண்டும். எங்களுடையதில் அது 25 கால் இன்ச்தான். அவர்கள் அளக்கவே இல்லை. வந்த படி உள்ளே நுழையாததால் பக்கவாட்டு பிராக்கெட்டைக் கிரைண்டரில் தேய்த்து எப்படியோ திணித்திருக்கிறார்கள். கறுப்பு பெயின்ட் போன இடத்தில் அலுமினியம் பளபளவென்று தெரிந்தது. நான் கேட்டதற்கு, “எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செய்வோம்” என்றார் கவுண்ட்டரில் இருந்தவர்.

உயர விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். அதுவும் என் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது. வண்டியை லெவல் செய்துவிட்டுத் தரையிலிருந்து வாசல் வரைக்கும் அளந்தால் 31 இன்ச். கடைக்காரர் இரண்டு தட்டுப் படி கையில் இருக்கிறது, அதுவே போதும் என்று நெருக்கினார். மனைவிதான் வகுத்துப் பார்த்தாள். இரண்டு தட்டு என்றால் மூன்று எட்டு, ஒவ்வொரு எட்டும் பத்து இன்ச்சுக்கு மேல். மூன்று தட்டு என்றால் நாலு எட்டு, ஏழே முக்கால். இந்த ஊர் வீட்டுக் கட்டட விதியிலும் ஒரு படியின் உயரம் ஏழே முக்கால் இன்ச்சைத் தாண்டக் கூடாது என்றுதான் இருக்கிறது. “அத்தை முட்டிக்கு இதுதான்” என்று அவள் பிடிவாதமாக நின்றதால் ஒரு வாரம் காத்திருந்து மூன்று தட்டு வரவழைத்தோம்.

பில்: படி 430, கூலி 330, இரும்புத் தகடு 95, கடைச் செலவு என்று ஒரு 35. மொத்தம் 890, வரி தனி. தகடு எதற்கு என்று கேட்டேன். “வாசலடியில் ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் வேண்டுமில்லையா, அடியில் தகடு வைத்து போல்ட் போடுவோம்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கட்டுமா என்றால், இன்ஷூரன்ஸ் அனுமதிக்காது என்று காபி மிஷின் பக்கம் கை காட்டினார்.

சிமென்ட் தளத்தில் விரித்துக் காட்டினார்கள். கல் மாதிரி நின்றது. நிற்காமல் என்ன செய்யும், கால்கள் சமதரையில் இருக்கின்றனவே! இந்த வகைப் படியில் ஏறுகிறவர் எடையில் ஒரு நல்ல பங்கு படியின் கால் வழியாகத் தரைக்குப் போய்விடும். ஆனால் ஈர மண்ணில் கால் அமுங்கினாலோ, படியை விரித்த பிறகு நாம் ஜாக்கியைத் திருகி வண்டியைத் தூக்கினாலோ, கால்கள் அந்தரத்தில் நிற்கும். அப்போது மொத்த எடையும் வாசலில் இருக்கும் கீலைப் பிடித்து நெம்பும். கடப்பாரை போட்டு ஆணி பிடுங்குகிற அதே கணக்கு. ஒவ்வொரு இடத்திலும் வண்டியை லெவல் செய்து முடித்த பிறகே கால்களை நீட்டிப் பூட்ட வேண்டும் என்று கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டெக்சோமா ஏரிக்கரையில், டெனிசன் பக்கம் இருக்கும் ஐசன்ஹோவர் ஸ்டேட் பார்க்கில் இறங்கியிருந்தோம். முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் அம்மா கையில் காபி டம்ளரோடு இறங்கினார். இரண்டாவது தட்டில் கால் வைத்ததும் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். மேலே இடது பக்கம் கீல் ஒரு விரற்கடை அளவுக்குத் தூக்கிக்கொண்டது. டம்ளர் போனது. அம்மா கதவோரக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றித் தொங்கினார். நான் ஓடிப்போய் இடுப்பைத் தாங்கி இறக்கினேன். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. “பயப்படாதே, ஒண்ணும் ஆகலை” என்று அவர்தான் எனக்குச் சொன்னார். எனக்குத்தான் அரை மணி நேரம் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்க்ரூவைத் திருகினேன். திருகுவதற்கு என்ன இருக்கிறது, விரலாலேயே வந்துவிட்டது. மரையின் இடுக்கெல்லாம் பழுப்பாக ஈர மரத்தூள். ஸ்க்ரூ டிரைவர் முனையை வாசலடிப் பலகையில் அழுத்தினால் காபியில் ஊறிய வர்க்கி மாதிரி உள்ளே போகிறது. வலது பக்கம் கெட்டியாக இருந்தது. இடது மூலையிலிருந்து ஒன்றரை அடி தூரத்துக்குப் பொதபொதவென்று இருந்தது. இது ஐந்து வாரத்தில் ஊறிய மரம் இல்லை. கதவடி சீலண்ட் வெடித்து, வாசல் பட்டையின் ஸ்க்ரூத் துளை வழியாக மழைத்தண்ணீர் வருஷக் கணக்கில் ப்ளைவுட் விளிம்புக்குள் இறங்கியிருக்கிறது. பழைய படி சேசி இரும்பில் தொங்கியதால் மரம் கெட்டது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஆனால் அதில் ட்ரில் போட்டவனுக்குத் தெரியாமல் இருக்குமா? துருவி வருவது காய்ந்த தூளா, ஈரச் சக்கையா என்று கைக்கே தெரியும். தெரிந்துதான் மேலே அவ்வளவு சீலண்ட் அப்பியிருக்கிறார்கள்.

தகடு சமாசாரம் அதைவிட மோசம். டிரெய்லரின் அடிப்பக்கத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் மூடியிருக்கும். அடியில் தகடு வைக்க வேண்டுமென்றால் அந்த ஷீட்டைக் கழற்றியே ஆக வேண்டும். வாசலுக்கு நேர் கீழே அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் தலையில் பழைய சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது. அவற்றை யாரும் தொட்டதே இல்லை. கழற்றும் முன்பு அந்தச் சேற்றுத் தலைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்தேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

கடைக்குப் போனால் முதலில் வண்டி லெவலில் இல்லை என்றார்கள். அப்புறம் எடை அதிகம் என்றார்கள். அம்மா ஐம்பத்திரண்டு கிலோ. கடைசியாக, மர அழுகல் உத்தரவாதத்தில் வராது என்றார்கள். உத்தரவாதம் இருக்கட்டும், அழுகலை ஏன் சொல்லவில்லை, தகடு எங்கே என்று கேட்டதற்கு, “டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய்விட்டார்” என்று பதில். பழைய படியைத் திருப்பிக் கேட்டேன். அதையும் குப்பையில் போட்டாயிற்றாம்.

வீட்டுக்கே வந்து வேலை செய்கிற ஒரு மொபைல் டெக்னீஷியனை அழைத்தோம். வந்ததும் அவர் முதலில் கையில் எடுத்தது டேப்பும் இல்லை, ட்ரில்லும் இல்லை, ஒரு குத்தூசி. வாசலடி முழுக்க இரண்டு இன்ச்சுக்கு ஒரு தரம் குத்திப் பார்த்து, கெட்ட இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். அந்த ஊசி வேலைக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்குமா? அழுகியதை வெட்டி எடுத்து, புது ப்ளைவுட் பதித்து, அடியில் இரும்பு ஆங்கிளைச் சேசியோடு பிணைத்து, மேலிருந்து கீழ்வரை போல்ட் விட்டு, கழலாத நைலான் நட்டு போட்டு முறுக்கினார். கீலுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பியூட்டைல் டேப். ஒரு பக்கமாக உரசிக்கொண்டிருந்த படியையும் நடுவுக்கு நகர்த்தி வைத்தார். ஷீட்டைத் திரும்ப மூடுமுன் என்னைக் கீழே கூப்பிட்டு, “படம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். 640 டாலர். கொடுக்க மனசு வலிக்கவில்லை.

பணத்தில் ஒரு பகுதி திரும்பியது, கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால். இப்படிப்பட்ட தகராறுக்கு அமெரிக்காவில் 1974 முதல் சட்டம் இருக்கிறது: அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், போனில் புலம்பினால் மட்டும் போதாது. இன்வாய்ஸின் மூன்றாவது வரியை வட்டமிட்டு, சேறு காய்ந்த ஸ்க்ரூ படங்களையும், மொபைல் டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பையும் வைத்து அனுப்பினேன். தகட்டின் 95-உம் கூலி 330-உம் வந்தன. மிச்சத்துக்கு, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போகலாம். டெக்சஸில் 20,000 டாலர் வரைக்குமான வழக்கை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம். லீவு போட்டு அலைய எனக்குத் தெம்பில்லை. தேய்த்த பிராக்கெட்டுக்கு அம்மாவின் நெயில் பாலிஷ் பாட்டிலைக் காலி செய்து மனைவி பூசிவிட்டாள். கறுப்புப் படியில் சிவப்பாக ஒரு திட்டு.