கிரீன்பேக்கா, கிரீம்பேக்கா? கடலோர வீட்டுக்கு ஒரு கித்தார் ஸ்பீக்கர்

சென்ற ஆண்டு ஆடிச் சாரலில் ஒரு மாலை, குளச்சலில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு கித்தார் ஸ்பீக்கரைக் கருக்கிவிட்டேன். பழி முழுவதும் என்னுடையதே. 20 வாட் வால்வு ஆம்ப்பின் (கண்ணாடிக் குழாய்களால் ஓடும் ஒலிபெருக்கியின்) குமிழ்களை எல்லாம் கடைசிவரை திருகிவிட்டு, 25 வாட் தாங்கும் ஒற்றை ஸ்பீக்கரில் அரைமணி நேரத்துக்கு மேல் வாசித்தேன். முதலில் பன்னாடையை நகத்தால் கீறுவதுபோல ஒரு கரகரப்பு. அடுத்துக் கருகிய வார்னிஷ் வாடை. பிறகு சத்தமே இல்லை. சுமை இல்லாமல் ஓடும் வால்வு ஆம்ப் தன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையே காவு வாங்கிவிடும் என்பதால் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தேன். பாதி நஷ்டத்தோடு தப்பினேன்.

கருகியது செலஷன் நிறுவனத்தின் ஜி12எம், எல்லோரும் கிரீன்பேக் என்று அழைப்பது. அதன் இடத்தில் இப்போது இருப்பது அதே நிறுவனத்தின், 65 வாட் தாங்கும் ஜி12எம்-65 கிரீம்பேக். இரண்டுக்கும் இடையிலான மூன்று மாதங்களில் நான் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை என்பது வீட்டாரின் புகார்.

நான் தேடியது 1960களின் பிற்பகுதி ராக் ஒலி. மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் உறுமலாகவும் வரவேண்டும். எந்த நிலையிலும் காதைக் குத்தக் கூடாது. அந்தக் காலத்து மார்ஷல் நிறுவன ஸ்பீக்கர் பெட்டிகளில் இருந்தவை 12 அங்குல செலஷன்கள், பெட்டிக்கு நான்கு. ஜி12எம் தொடக்கத்தில் 20 வாட்டும் பிறகு 25 வாட்டும் தாங்கியது. நான்கு சேர்ந்தாலும் 100 வாட்தான். மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்தக் கறுப்புப் பெட்டிகள் பகட்டுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. 100 வாட் ஆம்ப்பை ஒற்றைப் பெட்டியின் தலையில் கட்டினால் ஸ்பீக்கர்களுக்கு மூச்சுவிட இடம் இருக்காது.

கடையில் எல்லோருடைய கையும் முதலில் போவது செலஷனின் வின்டேஜ் 30 பக்கம்தான். பெயர் அப்படி. ஆனால் அது 1986இல் வந்தது. பெயரிலுள்ள 30க்கும் வாட்டுக்கும் தொடர்பில்லை, தாங்குவது 60 வாட். அதன் மேல்-நடு அலைவரிசை நன்றாகத் தூக்கி நிற்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும் மேடையில் கித்தார் தனியாகக் கேட்கவேண்டும் என்றால் அது பெரிய உதவி. எங்கள் மாவட்டத்தில் கித்தார் வாசிப்பவர்களில் பாதிப்பேர் தேவாலயப் பாடகர் குழுவில் கை பழகியவர்கள். உயரமான கூரையும் வழவழப்பான சுவரும் உள்ள கோயிலில் அந்த மேல்-நடு ஒலி எதிரொலித்துத் திரும்பி வரும்போது பாடுபவர்கள் ஆம்ப்பைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை நானும் வாங்கியிருக்கிறேன், இரவல் பெட்டியில் வாசித்தபோது.

செலஷனின் ஆல்நிக்கோ புளூ வேறு கதை. வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பின் குரல் அது. பீட்டில்ஸும் பிரையன் மேயும் அந்த ஆம்ப்பால் அறியப்பட்டவர்கள். மணி அடிப்பதுபோன்ற மேல் ஒலி. ஆனால் ஒன்று தாங்குவது வெறும் 15 வாட், விலையோ மற்றவற்றைவிட மிக அதிகம். ஒரே ஒரு மாலைதான் அதில் வாசித்திருக்கிறேன் என்பதால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஜி12எச்-30 கனத்த காந்தம் உடையது. ‘எச்’ என்ற எழுத்தே அதற்குத்தான். அடி ஒலி இறுக்கமாக வரும். அதுவும் 30 வாட்தான் என்பதால் என் சிக்கல் தீராது.

ஆக, கிரீன்பேக்கும் கிரீம்பேக்கும். இரண்டும் 12 அங்குலம், ஒரே அளவு காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்), ஏறத்தாழ ஒரே எடை. ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு முன்னதற்கு 98 டெசிபல், பின்னதற்கு 97. இந்த ஒரு டெசிபலைக் காதால் பிரித்தறிய நான் முயன்று தோற்றேன். வின்டேஜ் 30 100 டெசிபல் என்பதால் கிரீம்பேக்கைவிட மூன்று டெசிபல் கூடுதல். ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கூடுதல் யாருக்கு வேண்டும்?

ஒலியில் கிரீன்பேக்குக்கு ஒரு பங்கு கூடுதலாகவே கொடுப்பேன். எல்லையை நெருங்கும்போது அதன் காகிதக் கோன் நெளிந்து கொடுக்கிறது. ஒலி சற்று அமுங்கி, ஓரங்கள் மழுங்கி, பழைய இசைத்தட்டில் கேட்ட அந்தக் கரகரத்த இனிமை வருகிறது. கிரீம்பேக்கில் நடு ஒலியின் வெதுவெதுப்பு அப்படியே இருக்கிறது, அடி ஒலி கொஞ்சம் கட்டுக்கோப்பாக இருக்கிறது, ஆனால் அந்த நெளிவு தாமதமாகத்தான் வருகிறது. என் வீட்டு ஒலியளவில் வருவதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். புதிதாக வந்த வாரத்தில் விறைப்பாகவும் இருந்தது. பல மணி நேரம் வாசித்தபிறகுதான் இளகியது.

பிறகு ஏன் கிரீம்பேக்? கருகிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு மைக்செட் பட்டறைக்குப் போன அன்று அது முடிவானது. பட்டறைக்காரர் இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் இரு பக்கமும் வைத்து மெதுவாக அழுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே காயில் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. “காயில் வெந்துபோய்விட்டது தம்பி. புதிதாகச் சுற்றி, கோனும் மாற்றித் தந்துவிடுகிறேன்” என்றார். நான்கு நாளில் தந்தும்விட்டார். வேலையில் ஒரு குறையும் இல்லை: காயில் நடுவில் நின்றது, பசை சீராக இருந்தது, சத்தம் முன்பைவிடக் கூடுதல்.

ஆனால் அது கிரீன்பேக் இல்லை. கித்தார் ஸ்பீக்கரின் குரல் கோனில்தான் இருக்கிறது: காகிதத்தின் கனம், ஓர மடிப்புகள், நடுவிலுள்ள மூடி. பட்டறையில் இருந்தவை மேடை ஒலிபெருக்கிக்கான கோன்கள். பேச்சும் பாட்டும் சிதையாமல் வரவேண்டும் என்பதற்காக விறைப்பாகச் செய்யப்பட்டவை. அவருடைய தொழிலுக்கு அது சரி. எனக்கோ சிதைவுதான் சரக்கு. பின்னால் அதே பச்சை மூடி, அதே காந்தம், முன்னால் வேறு யாரோ பேசினார்கள்.

அன்றுதான் கணக்குப் போட்டேன். ஆம்ப்பின் 20 வாட் என்பது ஒலி சுத்தமாக இருக்கும்வரை உள்ள அளவு. முழுக்கத் திருகி அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும்போது, அதே உச்சத்தில் சக்தி இருமடங்கை நோக்கிப் போகும். 25 வாட் ஸ்பீக்கர் ஒன்றை வைத்து இந்த ஆட்டம் ஆடுவது கரைமடி வலையில் சுறா பிடிப்பதுபோல. இரண்டு கிரீன்பேக் போட்டு 50 வாட் ஆக்கலாம்; 16 ஓம் (மின் எதிர்ப்பின் அளவு) ஸ்பீக்கர் இரண்டைப் பக்கஇணைப்பில் கட்டினால் 8 ஓம் கிடைக்கும், ஆம்ப்பும் மகிழும். பணமும் காரும் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை அதுதான், தயங்கவே வேண்டாம். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். அதன் முன்பக்கத்தில் நிற்பது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிதான்.

போதாததற்குக் கடல். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கரையோர வீட்டில் ஜன்னல் கம்பியே தூளாகக் கொட்டும். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது, அங்கே துரு பூத்தால் உரசல்தான். இது எல்லா ஸ்பீக்கருக்கும் பொது. ஆனால் எப்படியும் ஒருநாள் பழுதாகப்போகிற ஊரில், சூட்டையாவது தள்ளிப்போடுவது புத்தி என்று தோன்றியது. வாசிக்காத நாளில் பெட்டியின் மேல் கனத்த உறை, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்கள். பொட்டலம் எவ்வளவு காக்கிறது என்பதை ஓராண்டு அனுபவத்தில் சொல்லிவிட முடியாது.

பெட்டியை 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் செய்தேன். ஒட்டுப்பலகையில் வள்ளம் கட்டத் தெரிந்த ஆசாரிகள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். மூலைப் பொருத்தத்தில் அவர்களை மிஞ்ச முடியாது. வரைபடத்தைப் பார்த்த ஆசாரி, “மக்களே, இது தண்ணீரில் இறக்கவா, வீட்டில் வைக்கவா?” என்று கேட்டார். வீட்டில் என்றேன். “அப்படியானால் முன்னால் எதற்கு இவ்வளவு பெரிய ஓட்டை?” என்றார். பின்பக்கத்தை முழுக்க மூடாமல் நடுவில் மட்டும் திறந்துவிட்டேன். அறை முழுக்க ஒலி பரவுகிறது, அடி ஒலி சற்றுக் குறைகிறது. மூடிய பெட்டியில் கிரீம்பேக் இன்னும் குத்தாக ஒலிக்கும்.

ஆம்ப் 5 வாட்டோ 10 வாட்டோ மட்டும் என்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை, கிரீன்பேக்கையே வாங்குங்கள். எந்த ஸ்பீக்கரானாலும் ஓம் எண்ணை ஆம்ப்பின் பின்பக்கத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கோன் மாற்றிய அந்தப் பழைய ஸ்பீக்கரைப் பட்டறைக்காரரே பின்னர் ஒரு சிறு தொகைக்கு எடுத்துக்கொண்டார். கடந்த திருவிழாவில் கொடிமரத்தடியில் வைத்திருந்த பெட்டியின் பின்புறம் அந்தப் பச்சை மூடி தெரிந்தது. கன்னத்தில் கைவைத்து நின்று கேட்டேன். நீல நிற மாருதிக் கார் ஒன்று வழியை மறித்து நிற்பதாகவும் உரிமையாளர் உடனே எடுக்கவேண்டும் என்றும் மிகத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.