3,45,000 ரூபாய் போச்சு: ‘சிறப்புக் குழந்தைகளுக்கான திட்டம்’னு வந்தா கையெழுத்துப் போடாதீங்க

இன்சூரன்ஸ் கிளையில இருந்து திரும்பி வந்த கையோட எழுதறேன். வார்த்தை முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. மொத்தம் 3,45,000 ரூபாய். எங்கம்மா வீட்டு நிலத்துல என் பங்கா வந்த பணம் அது. நம்மளை மாதிரி பிள்ளை வெச்சிருக்கற வேற யாரும் பாலிசி வித்து என்னை ஏமாத்தின ஆளுகிட்ட சிக்கக் கூடாது. எதையெல்லாம் பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

என் பையனுக்கு 17 வயசு. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. ‘நமக்கு அப்புறம் இவனுக்கு யாரு?’ங்கற கேள்வி தெரபி சென்டர் பெஞ்சுல உக்காந்திருக்கற ஒவ்வொரு அம்மாவுக்கும் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் அந்த ஆளு அங்க வந்தான். ‘நிதி ஆலோசனை’னு போர்டு மாட்டின ஒரு ஆபீஸ்காரன். பெற்றோர் கூட்டத்துல கொஞ்ச நேரம் பேசினான். பாலிசிங்கற வார்த்தையே அவன் வாயில வரலை. “நீங்க கண்ணை மூடுற அன்னிக்கு இவனுக்கு யார் சோறு போடுவாங்க?”னு மட்டும் கேட்டுட்டு இறங்கிட்டான்.

அப்புறம் வீட்டுக்கு வந்தான். என் பையன் தரையில பாட்டில் மூடிகளைக் கலர் வாரியா வரிசை வெச்சுட்டு இருந்தான். அந்த வரிசையில சொந்தத் தாத்தா கை வெச்சாலே கத்துவான். வந்த ஆளு சோஃபாவுல உக்காரலை. தரையில உக்காந்தான், எதையும் தொடலை. சட்டைப் பையில இருந்து ஒரு நீல மூடியை எடுத்து நீல வரிசையோட கடைசியில வெச்சான். பையன் அதைப் பார்த்தான், எடுத்து வீசலை. “எனக்கும் இப்படி ஒரு தம்பி இருக்கான் அக்கா”னான். என் வீட்டுக்காரர் சமையல்கட்டுக்கு வந்து, “இவனுக்கு நம்ம கஷ்டம் தெரியுதும்மா”னு சொன்னாரு.

பையனுக்கு என்ன பிடிக்கும்னு சென்டர் ஆயாகிட்ட விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கான்னு இப்பத்தான் தெரியுது. இன்னொரு வீட்டுல “எங்க அக்கா பையன் இப்படித்தான்”னு சொல்லியிருக்கான். அவங்க பொண்ணுக்கு என்ன கொண்டு போனானோ!

சொன்னது இதுதான்: 3 லட்சம் ஒரே தடவை கட்டினாப் போதும். எங்க காலத்துக்கு அப்புறம் பையனுக்கு ஆயுள் முழுக்க மாசாமாசம் பணம் வரும். வருமான வரியில 80டிடி கழிவு, அதாவது குறைபாடு இருக்கறவங்களைப் பராமரிக்கற குடும்பத்துக்கான வரிச் சலுகை. கூட 45,000 கொடுத்தா பையனுக்காகச் சொத்தை வெச்சுப் பார்த்துக்கற ட்ரஸ்ட் பத்திரம், “அது இருந்தா கார்டியன்ஷிப் எல்லாம் தேவையே இல்ல அக்கா”. 3 லட்சம் கம்பெனி பேருக்குச் செக். 45,000 அவன் சொந்தக் கணக்குக்கு யுபிஐ. ரசீது கேட்டதுக்கு, “பத்திரத்தோட சேர்த்துத் தர்றேன்”.

பாலிசி எங்க கைக்கு வரவே இல்லை. “ஃபைல் போட்டு மொத்தமா கொடுக்கறேன்”னு இழுத்தான். மின்னஞ்சல்ல போயிருக்கு, அந்த மின்னஞ்சல் முகவரியை உருவாக்கினதே அவன்தான். கைக்கு வந்து 30 நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா பணம் திரும்பும்னு ஒரு விதி இருக்கு. அந்த 30 நாளும் அவன் கையிலயே கழிஞ்சிருக்கு.

போன வாரம் ஒரு குறுஞ்செய்தி: அடுத்த பிரீமியம் 3,00,000 கட்டவும்! ஒரே தடவைன்னு சொன்னது 12 வருஷம் கட்டற சாதா எண்டோமென்ட் பாலிசி, அதாவது காலம் முடிஞ்சதும் மொத்தமாப் பணம் தர்றது. மாசாமாசம் பணம்னு அதுல ஒரு வரி கிடையாது. என் பையன் அதுல வெறும் நாமினி.

எங்களுக்கு வரிக் கணக்குப் பார்க்கற ஆடிட்டர் சார்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். “80டிடிக்கு இந்தப் பாலிசி எதுக்கும்மா? தெரபிக்குச் செலவு பண்றீங்களே, அதுக்கே கிடைக்குமே”னாரு. பழைய வரிமுறையில இருக்கறவங்களுக்கு, குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 75,000, 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000 வருமானத்துல கழிக்கலாம். சான்றிதழ் வேணும், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் கேட்டிருக்கலாம்.

ட்ரஸ்ட் பத்திரத்தையும் புரட்டினாரு. நாலாம் பக்கத்துல விரலை வெச்சு, “இது யாரும்மா?”னாரு. பயனாளியோட பேரு இருக்க வேண்டிய இடத்துல ஏதோ ஒரு பொண்ணு பேரு. வேற யாருக்கோ அடிச்சதை அப்படியே எடுத்து, முதல் பக்கத்துல மட்டும் எங்க பேரை மாத்தியிருக்கான். எங்க வீட்டையும் ட்ரஸ்ட்ல சேர்த்து எழுதியிருக்கு, பத்திரம் பதிவே ஆகலை. வீடு நிலத்தை ட்ரஸ்டுக்கு எழுதினா பதிவு கட்டாயம், இல்லைன்னா செல்லாது. 45,000க்கு எனக்குக் கிடைச்சது ஸ்டாம்ப் பேப்பர்.

அவனுக்குப் போன் போட்டா, “அக்கா மீட்டிங்ல இருக்கேன்.” அப்புறம், “அது கம்பெனி பாலிசி, நான் வழிதான் காட்டினேன்.” அப்புறம் எடுக்கறதே இல்லை. அக்கா மேடம் ஆயாச்சு, “லீகலா பேசிக்கோங்க மேடம்”னு ஒரு மெசேஜ்.

இன்னிக்குக் கிளையில அந்த மேனேஜர் ஏசி ரூமுக்குள்ள உக்காந்துட்டு, பாலிசி விவரத்தைச் சரி பார்க்கக் கம்பெனி எனக்குப் பண்ணின வெரிஃபிகேஷன் போன் காலோட பதிவைப் போட்டுக் காட்டறாரு. “வருடாந்திர பிரீமியம் பேயிங் டேர்ம் ட்வெல்வ் இயர்ஸ், கன்ஃபர்ம் பண்றீங்களா?”னு ஒரு பொண்ணு மூச்சு விடாம படிக்குது, நான் “ஆமா”ங்கறேன். அந்த நேரம் இவன் எனக்கு எதிர்ல உக்காந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டு இருந்தான், அது எந்தப் பதிவுல இருக்கு? “எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னா அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடும்”னு சொல்லிக் கொடுத்தவன் உங்க ஏஜென்ட்டு சார்னேன். “அவர் எங்க ஸ்டாஃப் இல்லம்மா.” கமிஷன் மட்டும் யாருக்குப் போச்சாம்? வருஷம் முடிஞ்சு பாலிசியைப் பாதியில சரண்டர் பண்ணினா என்ன வரும்னு ஒரு தொகையை எழுதிக் காட்டினாரு. அதை இங்க எழுதினா எனக்கு மறுபடி அழுகை வரும்.

3,45,000 ரூபாய். என் பையன் தெரபிக்கு இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்கும்.

விவரமா எழுதணும்னு நினைச்சேன், சென்டர் வேன் வர்ற நேரமாச்சு. அவசரத்துக்கு:

ஃபீஸும் வாங்கிட்டு பாலிசியும் விக்கறவனை வீட்டுக்குள்ளயே விடாதீங்க. ஆலோசகர்னு சொன்னா செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கற அரசு அமைப்பு) பதிவு எண் கேளுங்க, செபி தளத்துலயே சரி பார்க்கலாம். பாலிசி உங்க சொந்த மின்னஞ்சலுக்கு வரணும். வெரிஃபிகேஷன் கால் வரும்போது அவன் பக்கத்துல இருக்கக் கூடாது.

18 முடிஞ்சா பெத்தவங்களே ஆனாலும் சட்டப்படி நாம தானா கார்டியன் இல்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கற பிள்ளைகளுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர்க் குழுதான் கார்டியனை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. நிராமயா மருத்துவக் காப்பீடும் இதே பிள்ளைகளுக்குத்தான், 1 லட்சம் வரைக்கும். இது ரெண்டையும் அவன் மூச்சு கூட விடலை, கமிஷன் இல்லையே!

ஏற்கெனவே மாட்டினவங்க கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. கூடவே 155255க்குக் கூப்பிட்டு, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தோட புகார் தளமான பீமா பரோசாவுல பதிவு பண்ணுங்க. 30 நாள்ல சரியான பதில் இல்லைன்னா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) போகலாம், நமக்குச் சென்னையில. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. நான் இன்னிக்குத்தான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். ரெண்டாவது 3 லட்சத்தைக் கட்டப் போறதில்லை.

வர்ற ஞாயித்துக்கிழமை வேற ஒரு சென்டர்ல ‘நமக்குப் பிறகு’னு கூட்டம் போடறானாம், வாட்ஸ்அப்புல அழைப்பு சுத்துது. அந்த நாலாம் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டு நானும் போறேன்.