ஃபோர் வீல் ஜீப்புக்கு டிஃபரன்ஷியல் வேலை: அவசரம் இல்லாதவர்கள் போகலாம்

என் ஜீப்பில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊளை, காலை எடுத்தால் சுருதியே மாறும். வேறொரு இடத்தில் வீல் பேரிங் என்று மாற்றியும் சத்தம் போகவில்லை. பொள்ளாச்சி பக்கம் இருக்கும் இந்தப் பட்டறைக்காரர் முதலில் வண்டியை ஓட்டிப் பார்த்தார், அப்புறம் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலை வடித்து, டிரெயின் பிளக்கில் அப்பியிருந்த இரும்புத் தூளைக் காட்டினார். பினியன் (பெட்டிக்குள் இருக்கும் சின்ன பல்சக்கரம்) பேரிங் போய், பற்களும் தேய்ந்திருந்தன. கிரவுனும் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது, கண்ணளவில் கோக்காமல் டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் சின்ன இடைவெளி) பார்த்து, பல்லில் கலர் தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழும்வரை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றிக்கொண்டே இருந்ததுதான். ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றினார். கூலி அதிகம், போனை எடுக்கவே மாட்டார்கள், சொன்ன நாளில் வண்டி கிடைக்காது. ஆனால் வேலை சுத்தம், பழைய பாகங்களைக்கூட கேட்காமலே கையில் கொடுத்துவிட்டார்கள்.