லினக்ஸ் மிண்ட் 22: எல்லாம் சரி, ஃபயர்வால் மட்டும் தூங்குகிறது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுடையது சின்ன கொலுசுப் பட்டறை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. என் பழைய லேப்டாப்பில் 11 ஏறாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மிண்ட் 22 போட்டேன். வேகம், தமிழ் எழுத்து, பிரிண்டர் எதிலும் குறையில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் ஃபயர்வாலும் கூடவே வருகிறது, ஆனால் அணைத்த நிலையில்.

இது தெரியாமல் டிசைன் ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்து வைத்திருந்தேன், பட்டறைப் பையன் பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறப்பதற்காக. பொங்கல் லீவில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்த மகனைப் படுக்க வைத்துவிட்டு, தங்கிய இடத்து வைஃபையில் லேப்டாப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மச்சினன் தன் போனை நீட்டி, "மாமா, இது உங்க கொலுசு டிசைன்தானே?" என்கிறான். அதே வைஃபையில் இன்னும் நாலு குடும்பம் இருந்தது. தப்பு என்னுடையதுதான், இருந்தாலும் அன்று தூக்கம் வரவில்லை.

அணைத்து வைப்பதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் வெளியிணைப்புக்குக் காத்திருக்கும் சர்வீஸ் அநேகமாக எதுவும் இல்லை, பிறகு எதைத் தடுப்பது? முதல் நாளுக்கு அது சரி. நான் ஷேர் செய்த நாளுக்குச் சரியில்லை. விண்டோஸும் பட்டுத்தான் திருந்தியது. 2003-இல் தானாகப் பரவும் பிளாஸ்டர் என்ற புழு நிரல், இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றான 135-ஆம் போர்ட் வழியாகப் புகுந்து ஆடியது. மறுவருடம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட்டில் ஃபயர்வாலை இயக்கியே கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் மிண்ட்டின் ஃபயர்வாலை இயக்கும் ஜியூஎஃப்டபிள்யூ என்ற செயலியைத் திறந்து ஒரு பொத்தானைத் தட்டினேன். பிரிண்டர் நிற்கவில்லை, அதைத் தேட உதவும் 5353 போர்ட்டை அடிப்படை விதிகளே விட்டுவிடுகின்றன. ஷேர் நின்றது. "அண்ணா, ஃபோல்டரக் காணோம்" என்று பையன் கத்தினான். ஃபோல்டர் ஷேருக்கான 445 போர்ட்டைப் பட்டறை வைஃபையின் முகவரிகளான 192.168.1 வரிசைக்கு மட்டும் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஏற்காட்டு வைஃபையும் அதே 192.168.1தான்! இப்போது அந்த விதி ஆபீஸ் புரொஃபைலில், அதாவது பட்டறைக்கென்று வைத்த விதித் தொகுப்பில் மட்டும் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது பொது இடத்துக்கான புரொஃபைலுக்குக் கையால் மாற்ற வேண்டும். மறந்தால் போச்சு.

ஐந்துக்கு நாலு. ஃபயர்வாலை இயக்கியே அனுப்பி, ஷேர் செய்யும்போது "இந்த வைஃபையில் மட்டும் திறக்கட்டுமா?" என்று கேட்டால் மீதி ஒன்றையும் தந்துவிடுவேன்.