பூனை நகம்: வெட்டுவதா, மூடுவதா, அறுத்தே எடுப்பதா?

அமெரிக்காவில் பூனை வளர்க்கும் வீட்டில், புது சோபா வந்த வாரமே இந்தப் பேச்சும் வந்துவிடும். நகத்தை ஒரேயடியாக எடுத்துவிட்டால் என்ன? 'டிக்ளா' என்று அங்கே சொல்லும் அறுவை பல மாநிலங்களில் இன்னும் சட்டப்படி செல்லும். தெரிந்தவர்கள் பல்லைச் சுத்தம் செய்யச் சொல்வதுபோல அதைப் பரிந்துரைப்பார்கள். "பூனையைத் தெருவில் விடுவதைவிட நகத்தை எடுப்பது மேல் இல்லையா" என்ற வாதமும் கூடவே வரும்.

மாற்று வழிகள் நான்கு: நகத்தை வெட்டிவிட்டுப் பிறாண்டு கம்பம் வைப்பது, நகத்துக்கு வினைல் மூடி போடுவது, விரலின் தசைநாணை மட்டும் அறுப்பது, பூனையை வேறு வீட்டுக்குக் கொடுப்பது. எங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்தது வெட்டுவதும் கம்பமும். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

அறுவையில் என்ன போகிறது

நம் நகம் தோலிலிருந்து வளர்கிறது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. நகம் திரும்ப வளரக் கூடாது என்றால் எலும்பையும் சேர்த்து எடுத்தாக வேண்டும். முன்னங்கால் ஒன்றுக்கு ஐந்து விரல் வீதம் பத்து விரல்களின் கடைசி மூட்டு துண்டிக்கப்படுகிறது. சிலர் பின்னங்காலின் எட்டு விரல்களையும் சேர்த்துச் செய்கிறார்கள். "லேசரில் செய்தால் ஒன்றும் ஆகாது" என்று சொல்லக் கேட்டால் ஏமாற வேண்டாம். லேசரில் ரத்தப்போக்கு குறையும்; போகிற எலும்பு அதே எலும்புதான்.

கில்லட்டின் வகை வெட்டுக்கருவியில் செய்தால் எலும்பின் மேல்விளிம்பு கொஞ்சம் உள்ளே தங்கிவிடும் ஆபத்து அதிகம். நகம் முளைக்கும் திசு அந்த விளிம்பில்தான் இருக்கிறது. மிச்சத் துண்டிலிருந்து நகம் தோலுக்கு அடியில் கோணலாக வளர்ந்து சீழ் கட்டும், சில நேரம் பல மாதம் கழித்து. கடைசி எலும்பில் பிடிப்பிருந்த தசைநாண் பின்னுக்கு இழுபடுவதால் விரல்கள் சுருளும். பூனை நடக்கும்போது எடையை நடுப்பாதத்துக்கும் பின்னங்காலுக்கும் தள்ளும். அந்த நடை மாற்றத்தின் பாரம் கடைசியில் முதுகெலும்பில் போய் விழுகிறது.

பிரிட்டனில் விலங்கு நலச் சட்டம் 2006 இதற்கு இடம் தருவதில்லை. கனடாவில் நோவா ஸ்கோஷியாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2018-இல் தடை செய்தன. அமெரிக்க மாநிலங்களில் முதலில் தடுத்தது நியூயார்க், 2019-இல். மேரிலாண்ட் 2022-இலும் வர்ஜீனியா 2024-இலும் பின்தொடர்ந்தன. வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: நகம் எடுத்த பூனைக்குத்தான் வீடு தருவோம் என்று வீட்டுக்காரர் நிபந்தனை போட கலிஃபோர்னியாவில் 2013 முதல் அனுமதி இல்லை.

முடிவைத் தீர்மானிப்பது லிட்டர் பெட்டிதான்

சோபாவை ஒரு நிமிடம் மறந்துவிட்டு லிட்டர் பெட்டியை, அதாவது பூனை கழிக்க மணல் நிரப்பி வைக்கும் பெட்டியைப் பாருங்கள். பூனை சிறுநீர் கழிப்பதற்கு முன்னும் பின்னும் முன்னங்காலால் மணலைத் தோண்டும். அறுத்த விரல்முனையால் கரடுமுரடான களிமண் மணலைத் தோண்டினால் வலிக்கும். அதனால்தான் அறுவைக்குப் பின் பத்து, பதினான்கு நாளுக்கு மணலுக்குப் பதில் கிழித்த காகிதம் போடச் சொல்வார்கள். ஆனால் எலும்புத் துண்டு உள்ளே தங்கியிருந்தாலோ நரம்பு சரியாக ஆறாவிட்டாலோ வலி இரண்டு வாரத்தில் நிற்பதில்லை. வலியைத் தருவது பெட்டிதான் என்று பூனை முடிவு கட்டுகிறது. பிறகு காலுக்கு மெத்தென்றிருக்கும் இடம் தேடிப் போகும்: கார்பெட், மெத்தை, மடித்து வைத்த துணி.

வட அமெரிக்காவில் நகம் எடுத்த 137 பூனைகளையும் நகமுள்ள 137 பூனைகளையும் பரிசோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், நகம் எடுத்தவற்றில் 63 சதவீதத்தின் விரல்களில் எலும்புத் துண்டு மிச்சம் இருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பெட்டிக்கு வெளியே கழிக்கும் வாய்ப்பு விகிதம் நகமுள்ள பூனைகளைப் போல ஏறத்தாழ 7 மடங்கு. கடிப்பதில் 4 மடங்குக்கு மேல், முதுகுவலியில் சுமார் 3 மடங்கு.

சோபாக் கை கிழிந்தால் மேலே ஒரு விரிப்பைப் போட்டு மறைக்கலாம். பூனைச் சிறுநீர் கார்பெட்டைத் தாண்டி அடிப்பஞ்சில் இறங்கி, அதற்கும் கீழே மரத்தில் ஊறினால் மேலே எதைத் தெளித்தாலும் மழைக்கால ஈரத்தில் நாற்றம் திரும்ப எழும். அப்போது கார்பெட், பஞ்சு இரண்டையும் பெயர்த்தெடுத்து, தரைக்கு அடைப்புப் பூச்சு அடிக்க வேண்டிவரும். வாடகை வீட்டில் முன்பணம் போவது பெரும்பாலும் இதனால்தான். சோபாவைக் காப்பாற்றப் போட்ட பணம் வீட்டின் தரையில் போய் நிற்கிறது.

நகத்தை எடுக்காவிட்டால் பூனை கைவிடப்படும் என்ற வாதத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தடைக்கு முன்னும் பின்னும் காப்பகங்களுக்கு வந்த 74,000-க்கும் மேற்பட்ட பூனைகளின் பதிவுகளை அலசியபோது, பொருட்களை நாசம் செய்கிறது என்று சொல்லி ஒப்படைக்கப்பட்டவை 0.18 சதவீதம்தான். தடைக்குப் பின் அந்தக் காரணத்துக்காக ஒப்படைப்பது கூடவில்லை. பெட்டிக்கு வெளியே கழிப்பதோ, பூனையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகும் நடத்தைக் காரணங்களில் முன்வரிசையில் நிற்பது. எந்தப் பிரச்சினை பூனையின் வீட்டைப் பறிக்கிறதோ அதையே இந்த அறுவை வரவழைக்கிறது. வீடு போன பிறகு பாடு இன்னும் அதிகம். கடிக்கிற, கார்பெட்டில் போகிற பூனையைத் தத்தெடுக்க ஆள் கிடைப்பது அரிது. வெளியே விட்டால் மரமேறித் தப்பவும் நகம் இல்லை.

வீட்டில் சர்க்கரை நோயாளியோ நோய் எதிர்ப்புக் குறைந்தவரோ இருக்கிறார், அதற்காகவாவது எடுக்கலாமா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல்கள் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. கையை விட்டுப் பூனையோடு மல்லுக்கட்டி விளையாடாமலிருப்பது, தெள்ளுப்பூச்சியை ஒழிப்பது, கீறலை உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது ஆகியவைதான் வழி. பூனைக்கடி கீறலைவிட ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும். நகமில்லாத பூனை கடிக்கத்தான் பார்க்கும்.

வெட்டுவதும் கம்பமும்

வளர்ந்த பூனைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு வாரம் ஒருமுறை. விரலை மேலும் கீழுமாக மெதுவாக அழுத்தினால் நகம் உறையிலிருந்து வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது ரத்தநாளமும் நரம்பும். அதற்கு முன்னால், வளைந்த கூர்முனையில் 2 மில்லிமீட்டர் மட்டும் வெட்ட வேண்டும். மனித நகவெட்டி வளர்ந்த பூனையின் நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். கத்தரி வடிவப் பூனை நகவெட்டிதான் சரி. தப்பித் தவறி ரத்தம் வந்தால் சமையலறைக் கார்ன்ஃப்ளோரை விரலில் எடுத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

பலர் மறப்பது முன்னங்காலின் உள்பக்கம் உயரத்தில் இருக்கும் கட்டைவிரல் நகத்தை. அது தரையில் படாததால் தேயாது, வட்டமாக வளர்ந்து சதையிலேயே குத்தும். வயதான பூனைகள் பிறாண்டுவதைக் குறைத்துக்கொள்வதால் அவற்றுக்கு எல்லா நகங்களிலும் இந்த ஆபத்து உண்டு.

வெட்ட விடாத பூனையிடம் சண்டை போட வேண்டாம். முதல் வாரம் பாதத்தைத் தொட்டுவிட்டு நக்கும் தீனி கொடுப்பதோடு நிறுத்துங்கள். அடுத்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு விரல். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் நல்லது.

வெட்டினாலும் பூனை பிறாண்டத்தான் செய்யும். அது பழைய நக உறையை உரித்துப்போடவும், பாதத்திலுள்ள சுரப்பிகளால் வாசனை பதிக்கவும், முதுகையும் தோளையும் நீட்டி முறுக்கவும் செய்கிற வேலை. கம்பத்தின் அடியில் பிறைபோல் வளைந்த, கண்ணாடித்தாள் மாதிரியான சிறு உறைகள் கிடந்தால் கம்பம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கடையில் விற்கும் 50 சென்டிமீட்டர்க் கம்பங்கள் பெரும்பாலும் வீண். பூனை பின்னங்காலில் நின்று முழுசாக நீள 80 முதல் 90 சென்டிமீட்டர் வேண்டும். அடிப்பலகை 45 சென்டிமீட்டர்ச் சதுரமாக, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இருக்கட்டும். ஒருமுறை ஆடினால் பூனை மறுபடி அந்தப் பக்கம் வராது. சுற்றுவதற்கு 8 மில்லிமீட்டர் கற்றாழைநார்க் கயிறு. 10 சென்டிமீட்டர்க் கனமுள்ள கட்டையில் 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு நூறு சுற்று, ஏறத்தாழ 34 மீட்டர் பிடிக்கும். 37 மீட்டராக வாங்குங்கள். எண்ணெய் ஏற்றிய கயிறு வேண்டாம், அந்த நெடி பூனைக்கு ஆகாது. ஊரில் செய்தால் தேங்காய்நார்க் கயிறும் ஆகும். தும்பு கொஞ்சம் உதிரும்.

கம்பத்தை மூலையில் ஒளிக்காதீர்கள். கிழிபடும் சோபாக் கைக்கு ஒட்டி நிறுத்தி, சோபாவில் இருபுறம் ஒட்டும் டேப் போடுங்கள். பூனை கம்பத்துக்கு முழுசாகப் பழகிய பிறகு நாளைக்குச் சில அங்குலம் என்று நகர்த்தலாம். நைந்துபோன கம்பத்தைத் தூக்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த நைந்த கயிறும் அதில் ஏறியிருக்கும் வாசனையும்தான் பூனைக்குச் சொந்தம். சில பூனைகள் நின்று பிறாண்டாது, தரையில்தான் பிறாண்டும். அவற்றுக்கு அட்டைப் பலகை.

சோபா வாங்கும்போதே நெருக்கமான நெசவுள்ள மைக்ரோஃபைபரோ வெல்வெட்டோ எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வளையம் வளையமாக நூல் தெரியும் துணியில் நகம் சிக்கும், சிக்கினால் இழுக்கும்.

வினைல் மூடி

இதில் என் அனுபவம் குறைவு. அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் 40 மூடி, முன்னங்காலுக்கு நான்கு சுற்று வரும். நகத்தை வெட்டி, மூடிக்குள் மூன்றில் ஒரு பங்கு பசை விட்டு, நகத்தில் செருகி, ஐந்து நிமிடம் நக்கவிடாமல் பிடிக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் நகம் வளர வளர மூடி தானே கழன்று விழும். பசை அதிகமானால் வழிந்து ரோமத்தில் ஒட்டும். மூடி சிறிதானால் நகத்தின் அடியை இறுக்கும். எப்படியும் நகம் வெட்டப் பழகிய பூனைதான் இதற்கும் ஒத்துழைக்கும் என்பதால், சோபாவைக் காக்க இரண்டு மூன்று மாத அவகாசம் தேடுபவர்களுக்கு இது உதவும். வெளியே போய்வரும் பூனைக்குக் கூடாது.

தசைநாண் அறுவை

இது வேண்டாம். எலும்பு போகாது, ஆனால் நகத்தை நீட்ட முடியாமல் போகும். தேயாத நகம் தடித்து உள்ளங்காலில் ஏறும் என்பதால் வாழ்நாள் முழுக்க வாரத்துக்கொருமுறை வெட்டியே ஆக வேண்டும். வெட்டத்தான் போகிறோம் என்றால் அறுவை எதற்கு?

கொடுப்பதும் கைவிடுவதும்

இரண்டும் வேறு. ஒத்துவராத பூனையை ஒத்துவரும் வீட்டுக்குக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும்போது தடுப்பூசிச் சீட்டு, மைக்ரோசிப் பதிவு மாற்றம், பழகிய லிட்டர் மணலில் ஒரு பை, அதன் சொந்தப் பிறாண்டு கம்பம் எல்லாம் கூடப் போகட்டும். பழைய வாசனை இருந்தால் புது வீட்டில் சீக்கிரம் சாப்பிடும். "எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும்" என்று பூங்காவிலோ மீன் சந்தையிலோ இறக்கிவிட்டால், வீட்டுப் பூனை பயத்தில் ஒளிந்து பட்டினி கிடக்கும். கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாமலிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். கலிஃபோர்னியாவில் விலங்கைக் கைவிடுவது குற்றம். இந்தியாவிலும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று எழுதிவைத்திருப்பது மனதை வருத்துகிறது.

ஏற்கெனவே நகம் எடுத்த பூனையைத் தத்தெடுத்தால்

அதுவும் நல்ல பூனைதான், கவனம் மட்டும் கூட வேண்டும். களிமண் மணலை விட்டு, காகித உருண்டை அல்லது மிக மெல்லிய மணல் போடுங்கள். பெட்டியின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். குதித்து இறங்கத் தயங்குகிறதா, பாதத்தை உதறுகிறதா, முதுகைத் தடவினால் சிலிர்க்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், பெட்டிக்கு வெளியே போனாலும், குணக்கேடு என்று முடிவு கட்டுவதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனையோடு முன்னங்கால் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தங்கிய எலும்புத் துண்டு தெரிந்தால் அதை எடுத்துவிடலாம்.