தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: படைவீரர் குடியிருப்பிலிருந்து அருங்காட்சியகம் வரை

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் தரங்கம்பாடிக்கு வருபவர்களில் பலர் கடற்கரைக்காக வந்து, கையோடு டேன்ஸ்போர்க் கோட்டையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முதல் முறை விசாரிக்காமல் வெள்ளிக்கிழமை போய், வார விடுமுறை என்று அறிந்து திரும்பியவன் நான். சென்ற மாதம் சித்தப்பாவுடன் மறுபடியும் போனேன்.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல், ஓவே கெட்டே தலைமையில் வந்த டேனியர்கள் கட்டத் தொடங்கிய இக்கோட்டையில், ஆளுநர் முதலானோர் மேல்தளத்தில் வசிக்க, கீழ்த்தளம் படைவீரர்களின் தங்குமிடமாகவும் சரக்குக் கிடங்காகவும் சமையற்கூடமாகவும் சிறையாகவும் பயன்பட்டது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு, அதற்கு முன்பு 1708இல் ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி நான்கு மாதம் அடைபட்டிருந்ததும் இக்கோட்டையில்தான். 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டதும் கோட்டையின் மதிப்பு சரிந்தது. விடுதலைக்குப் பின் அரசு அலுவலர்கள் தங்கும் பயணியர் மாளிகையாக இருந்த கட்டடத்தை, 1978இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஏற்று அருங்காட்சியகமாக்கியது.

பீங்கான் கலங்கள், நாணயங்கள், ஆயுதங்கள், ஆவணப் படிகள் எனக் காட்சிப் பொருட்கள் பலவும் இருக்கின்றன. ஆனால் இங்கே முதன்மையான காட்சிப்பொருள் கட்டடமே என்பது என் கருத்து. நண்பகல் வெயிலில் மணல் முற்றத்தைக் கடந்து, கால் சுட, கீழ்த்தளத்து வளைவுக் கூரையின் அடியில் நுழைந்த மறுகணமே உடல் குளிர்ந்தது. அவ்வளவு கனமான சுவர்கள். உப்புக்காற்று அரிக்கும் இடத்தில் சிமெண்டு பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றுவிடும் என்பதால், இத்தகைய பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஏற்றது. சிப்பாய்கள் படுத்திருந்த இடத்தில் நின்று காது கொடுத்தால் அலையோசை கேட்கிறது, கடல்தான் தெரிவதில்லை.

காலையில் போவது நல்லது. குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். எழுபதுகளில் அலுவல் நிமித்தமாக இங்கே ஓர் இரவு தங்கிய சித்தப்பா, கண்ணாடிப் பேழைகளைப் பார்க்காமல் மேல்தளத்துச் சன்னலோரமாகவே நின்றிருந்தார். என்னவென்று கேட்டேன்.

“இங்கதான்டா கட்டில் போட்டிருந்தாங்க. ராத்திரி முழுக்கக் கொசுவலை நிக்கவே இல்ல, அப்படிக் காத்து.”