ஸ்டார் ட்ரெக் (2009): துயரம் பெரிது, வில்லன் சிறிது

ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கி 2009 மே மாதம் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தின் தொடக்கப் போர்க் காட்சியை, விண்வெளிச் சண்டைகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகத் தயங்காமல் சொல்வேன். மின்னல் சூழ்ந்த பெருவெளியிலிருந்து நராடா என்னும் ராட்சதக் கலம் வெளிப்பட்டு, பூமி உள்ளிட்ட கோள்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த கெல்வின் என்னும் கலத்தைத் தாக்குகிறது. பேச்சுவார்த்தைக்குச் சென்ற கேப்டன் கொல்லப்பட, அடுத்த நிலையில் இருந்த ஜார்ஜ் கிர்க் பொறுப்பேற்று எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, தானியங்கி இயக்கம் செயலிழந்துவிட்டதால் தாம் மட்டும் கலத்திலேயே தங்கி, அதை எதிரியின்மேல் மோதுகிறார். அதே நேரத்தில், தப்பிச் செல்லும் சிறு ஓடத்தில் அவர் மனைவிக்குக் குழந்தை பிறக்கிறது. கலத்தின் சுவர் பிளந்து ஒரு பெண் பணியாளர் வெளியே இழுத்து வீசப்படும் கணத்தில் வெடியோசை, அலறல், இசை எல்லாம் ஒருசேர நின்றுவிடுகின்றன. காற்றில்லா வெளியின் கொடுமையை அந்தச் சில நொடி மௌனம் முழுமையாக உணர்த்திவிடுகிறது. ஜார்ஜ் கேப்டனாக இருந்தது 12 நிமிடம், காத்தது 800 உயிர் என்று பின்னர் அவர் மகனும் படத்தின் நாயகனுமான ஜேம்ஸ் கிர்க்கிடம் சொல்லப்படும்போது, அந்தக் கணக்கு நம் கண்முன் நடந்ததாகவே இருக்கிறது.

இவ்வளவு வலுவான தொடக்கத்துக்கு ஈடுகொடுக்கும் வில்லன் படத்தில் இல்லை என்பதுதான் என் முதன்மையான குறை. நராடாவின் தலைவனான நீரோ, எதிர்காலத்திலிருந்து வந்துவிட்ட ஒரு சுரங்கக் கலத்தின் கேப்டன். கதையின் முக்கியப் பகுதி நிகழும் காலத்திலிருந்து 129 ஆண்டுகள் கழித்து ஒரு விண்மீன் வெடித்து, அவனுடைய ராமுலஸ் கோள் அழிகிறது. கருவுற்றிருந்த அவன் மனைவியும் அதில் மாண்டுபோகிறாள். ‘ரெட் மேட்டர்’ என்னும் பொருளால் கருந்துளை ஒன்றை உண்டாக்கி வெடிப்பை விழுங்கச் செய்வதாக வாக்களித்திருந்த வல்கன் கோளைச் சேர்ந்த முதிய ஸ்பாக், உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அதே கருந்துளைக்குள் இழுக்கப்பட்டு இருவரும் வெவ்வேறு காலங்களில் கடந்த காலத்துக்கு வந்து விழுகிறார்கள். ஸ்பாக் வந்து சேர்வதற்கு நீரோ 25 ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. இதுவரை அவன் துயரத்தை நம்ப முடிகிறது. எரிக் பானாவும் அந்தச் சோர்வைத் தம் முகத்தில் நன்றாகவே தாங்குகிறார்.

ஆனால் அவன் வந்து நிற்கும் காலத்தில் ராமுலஸ் உயிரோடு இருக்கிறது. விண்மீன் வெடிப்பை அடக்கக்கூடிய பொருள் அவன் கைக்கே வந்துவிட்டது. வெடிப்பு நிகழ இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. தாய்மண்ணுக்குப் போய் எச்சரிக்க வேண்டியவன், அந்தப் பொருளை ஸ்பாக்கின் பிறந்த கோளான வல்கனின் மையத்தில் போட்டு அதை அழித்துவிட்டு, அடுத்து பூமிக்குக் கிளம்புகிறான். இந்த ஓட்டை திரைக்கதைக்குத் தெரியாததும் அல்ல. நீரோவிடம் சிறைப்பட்ட, எண்டர்பிரைஸ் என்னும் கூட்டமைப்புக் கலத்தின் கேப்டன் பைக், ராமுலஸ் இன்னும் அழியவில்லையே என்று நேராகவே சொல்லிப் பார்க்கிறார். அழிந்ததைத் தன் கண்ணால் கண்டதாக நீரோ கத்துகிறான். கூட்டமைப்பே இல்லாத உலகில் ராமுலஸை வாழவைக்கப் போவதாகவும் சொல்கிறான். ராமுலஸை அழித்தது கூட்டமைப்பு அல்ல, ஒரு விண்மீன். பூமியையும் வல்கனையும் ஒழித்தாலும் அந்த விண்மீன் வெடிக்கத்தான் போகிறது.

துயரத்தில் ஒருவனுக்குப் புத்தி பேதலிக்கலாம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் நராடாவில் இருக்கும் மற்றவர்களுக்கும் ராமுலஸில் வீடும் உறவும் உண்டே? அவர்களில் ஒருவர்கூட ‘ஊருக்குப் போவோம்’ என்று ஏன் சொல்லவில்லை? இதே ஸ்டார் ட்ரெக் வரிசையில் 1982இல் வந்த ‘தி ராத் ஆஃப் கான்’ படத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு பாத்திரம் இருந்தது. கலம் நம் கையில், விடுதலையும் கிடைத்துவிட்டது, கிர்க்கை ஏற்கெனவே வென்றுவிட்டீர்கள் என்று ஜோக்கிம் தன் தலைவன் கானிடம் மன்றாடுகிறான். கான் கேட்பதில்லை. அதனால்தான் கிர்க் சீண்டியதும், கேடயமும் உணர்கருவிகளும் வேலை செய்யாத நெபுலா என்னும் வான்முகிலுக்குள் கான் பாய்வது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. கானின் சிந்தனை இரு பரிமாணத்தில்தான் ஓடுகிறது என்று ஸ்பாக் கண்டுகொள்ள, கிர்க்கின் கலமான எண்டர்பிரைஸ் கீழே இறங்கி, பின்னாலிருந்து எழுந்து தாக்குகிறது. அந்தப் படத்திலும் ஓட்டைகள் உண்டு. மூலத் தொலைக்காட்சித் தொடரில் கான் வந்த அத்தியாயத்தில் தலைகாட்டாத, கிர்க்கின் குழுவைச் சேர்ந்த செக்கோவை, இங்கே கான் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்கிறான். அது எனக்கு உறுத்தவே இல்லை. போரின் ஒவ்வொரு திருப்பமும் கானின் குணத்திலிருந்தே பிறப்பதால் வேறெதையும் கவனிக்கத் தோன்றுவதில்லை.

நீரோவிடம் அந்தப் பிடிப்பு இல்லாததால், 2009 படத்தின் மற்ற ஓட்டைகளும் பெரிதாகத் தெரிகின்றன. மையம்வரை துளையிடுவதற்காக வல்கன்மீது தொங்கவிடப்பட்ட துளைக்கருவியைத் துப்பாக்கி ஏந்திய இருவர் செயலிழக்கச் செய்துவிட முடிகிறது. அப்படியிருக்க, அவ்வளவு முன்னேறிய ஒரு கோளில் அதைச் சுட்டுவீழ்த்த ஒரு சிறு கலம்கூடவா இல்லை? ஒரே பொருளால் உண்டாகும் கருந்துளை ஓரிடத்தில் காலப்பயண வாசலாகவும், மற்றோரிடத்தில் கோளை நசுக்கும் பொறியாகவும் கதைக்கு வசதியானபடி மாறுகிறது. பனிக்கோளில் வீசப்பட்ட கிர்க், முதிய ஸ்பாக் இருக்கும் குகைக்கே ஓடி வந்து சேரும் தற்செயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

நீரோவும் அவன் ஆட்களும் கிளிங்கான் என்னும் வேற்றினத்தாரின் சிறையில் கழித்த ஆண்டுகளைக் காட்டும் காட்சிகள் படமாக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டன. படத்தின் வட்டுப் பதிப்பில் அவற்றைப் பார்த்தபோது, வெட்டியிருக்கக் கூடாது என்றே தோன்றியது. அவை இருந்தாலும் ஓட்டை அடைபட்டிருக்காது. ஆனாலும் 25 ஆண்டுக் காத்திருப்பின் கசப்பு நம்மைத் தொட்டிருக்கும்.

கடைசியில் நராடா நொறுங்கும்போது கிர்க் உதவ முன்வர, அதை ஏற்பதைவிட ராமுலஸின் அழிவை ஆயிரம் முறை அனுபவிப்பேன் என்கிறான் நீரோ. நேசித்த மண்ணைவிட வெறுப்பே அவனுக்குப் பெரிதாகிவிட்டது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. முதல் காட்சியிலிருந்தே அந்த வரியை நோக்கி அவனை எழுதியிருந்தால், கெல்வினை அழித்தவன் என்ற தகுதிக்கேற்ற எதிரியாக அவன் நின்றிருப்பான். கெல்வின் காட்சிக்காகவும் கிர்க், இளம் ஸ்பாக் இருவருக்கும் இடையிலான உரசலுக்காகவும் இந்தப் படத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். வில்லனுக்காகப் பார்ப்பதென்றால் 1982ஆம் ஆண்டுப் படத்தைத்தான் பரிந்துரைப்பேன்.